பணம் கைமாறும் முன் பதிவேட்டைத் தேடுங்கள்

தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் குளத்தூர் வந்து உள்ளே திரும்பினால், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வரை கரிசல்தான். வானம் பார்த்த பூமி. வத்தல், உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு, அவுரி விளைகிறது. கடலோரமாகப் போனால் வேம்பார்க் கருப்பட்டி. விளைந்ததை மூட்டை கட்டி கமிஷன் கடைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், இங்கேயே பொடித்து, பாக்கெட் போட்டு, சொந்தப் பெயரில் விற்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. நல்ல எண்ணம். அதற்கான முதல் வேலை கையிலிருக்கும் போனில்தான் தொடங்குகிறது. பலர் தடுமாறுவதும் அங்கேதான்.

‘மிளகாய்ப்பொடி பிசினஸ் செய்வது எப்படி’ என்று தேடிப் பாருங்கள். முதலில் வந்து நிற்பவை வீடியோக்கள். மாதம் இவ்வளவு லாபம் என்று ஆரம்பித்து, மெஷின் விற்கும் கம்பெனியின் போன் நம்பரில் முடிபவை அவற்றில் நிறைய. அவற்றைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மெஷின் எப்படி ஓடுகிறது என்றாவது தெரிந்துகொள்ளலாம். ஆனால் லாபக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறவரே மெஷினையும் விற்கிறார் என்றால், அந்தக் கணக்கை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

இணையத்தில் விளம்பரம் நம்மைத் தேடி வரும். பதிவேட்டை நாம்தான் தேடிப் போக வேண்டும். ஒரு வியாபாரி வரி கட்டுகிறாரா, எந்தச் சந்தையில் சரக்கு என்ன விலைக்கு இறங்கியது, ஒரு பிராண்டு பெயரை ஏற்கெனவே யார் பதிந்து வைத்திருக்கிறார்கள், எந்த நாட்டில் எந்தச் சரக்கைத் தடுத்தார்கள் என்பதெல்லாம் பொதுப் பதிவேடுகளில் இருக்கின்றன. பார்க்கக் காசு கிடையாது. பெரும்பாலானவற்றுக்கு லாகின்கூட வேண்டாம். சிறுதொழில் செய்கிறவருக்கு இணையத் தேடலின் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வியை நோட்டில் எழுதிவிட்டுத் தேடுங்கள்

போனைத் தொடுவதற்கு முன் நோட்டில் கேள்விகளை எழுதுங்கள். ‘மிளகாய்ப்பொடி’ என்பது கேள்வி இல்லை. ‘விருதுநகர் மார்க்கெட்டில் சம்பா வத்தல் மாசியில் என்ன விலை, ஐப்பசியில் என்ன விலை?’ என்பது கேள்வி. ‘நூறு கிராம் பாக்கெட் மதுரைக் கடையில் எவ்வளவுக்குப் போகிறது, அதில் கடைக்காரருக்கு எவ்வளவு?’ என்பது கேள்வி. இப்படி எழுதும்போதே எதை இணையம் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிரிந்துவிடும். கடைக்காரரின் கமிஷனைக் கூகுள் சொல்லாது. கடையில் போய்த்தான் கேட்க வேண்டும்.

பிறகு தேடும் முறை. நாலைந்து குறிகள் போதும். ஒரு சொற்றொடர் அப்படியே வர வேண்டுமென்றால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளி விடாமல் மைனஸ் குறி போட்டால், அந்தச் சொல் உள்ள பக்கங்கள் ஒதுங்கிவிடும். செய்முறை வீடியோக்களைத் தள்ள ‘ரெசிபி’ என்ற சொல்லுக்கு முன் ஒரு மைனஸ் போதும். ‘சைட்’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளியில்லாமல் ‘ஜிஓவி டாட் இன்’ என்று சேர்த்தால், அரசுத் தளங்களுக்குள் மட்டும் தேடும். அதேபோல் ‘ஃபைல்டைப்’, முக்காற்புள்ளி, ‘பிடிஎஃப்’ என்று அடித்தால் அரசாணை, திட்ட அறிக்கை, பல்கலைக்கழகக் கையேடு மாதிரியான முழு ஆவணங்கள் மேலே வரும். இந்த இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பழகுங்கள். விளம்பரக் கும்பலுக்கு நடுவே நேராக ஆவணத்திடம் போய்ச் சேரும் வழி இதுதான்.

எந்த மொழியில் தேடுவது? மூன்றிலும். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து ஒரு முறை. உங்களிடம் வாங்கப் போகிறவரும் இப்படித்தான் தேடுகிறார். ஊர்க்காரர் கருப்பட்டி என்பார். அதையே ஆங்கில எழுத்தில் அடிப்பவர் உண்டு. வெளிமாநிலத்துக்காரர் ‘பாம் ஜாக்கரி’ என்று தேடுவார். கடலைமிட்டாய்க்கு வடக்கே ‘சிக்கி’. உங்கள் பொருளுக்கு வழங்கும் எல்லாப் பெயரும் பொருள் விவரத்தில் இருக்க வேண்டும்.

பெயரில் ஒரு பொறியும் உண்டு. கரிசல் காட்டில் அவுரி என்றால் மலமிளக்கி மருந்துக்குப் போகும் இலை. நிலவாகை, நிலாவாரை என்றும் சொல்வார்கள். ‘டின்னவெல்லி சென்னா’ என்று உலகச் சந்தையில் பேர் வாங்கி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக நெடுங்காலமாகக் கப்பலேறும் சரக்கு அது. ஆனால் ‘அவுரிப் பொடி’ என்று இணையத்தில் தேடினால் வந்து குவிவது தலைமுடிக்குச் சாயம் போடும் நீல அவுரி. அது வேறு செடி, வேறு விலை, வாங்குகிறவர்களும் வேறு. அந்த விலையைப் பார்த்து நம் இலைக்குக் கணக்குப் போட்டால் மொத்தமும் தப்பாகிவிடும். மூலிகைச் சரக்கு எதுவானாலும் தாவரவியல் பெயரை வைத்துத் தேடுங்கள். நம் ஊர் அவுரிக்கு ‘காசியா அங்குஸ்டிஃபோலியா’, இன்றைய பெயர் ‘சென்னா அலெக்சாண்ட்ரினா’. நீல அவுரிக்கு ‘இண்டிகோஃபெரா டிங்டோரியா’. அப்படித் தேடினால் குழப்பம் தீரும்.

இலவசப் பதிவுக்குப் பணம் கேட்கும் தளங்கள்

சிறுதொழில் தொடங்குகிறவர் முதலில் தேடுவது உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இந்தப் பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. ஆதாரும் பான் எண்ணும் வைத்து நாமே முடித்துவிடலாம். ஆனால் தேடல் பக்கத்தின் உச்சியில் ‘விளம்பரம்’ அல்லது ‘ஸ்பான்சர்டு’ என்ற சிறு எழுத்தோடு வரும் தளங்களில் பல, தேசியக் கொடி நிறமும் அசோகச் சக்கரம் போன்ற படமுமாக அரசுத் தளம் போலவே இருக்கும். படிவத்தை நிரப்பி முடித்ததும் பணம் கேட்கும். பணம் போவது ஒரு பக்கம். ஆதார், பான், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் முகம் தெரியாதவரிடம் கொடுத்திருப்போம். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கும், ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டுக்கும் போலித் தளங்களின் கதை இதேதான்.

அடையாளம் காண்பது எளிது. தளப் பெயரின் வால் ‘ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘நிக் டாட் இன்’ என்று முடிய வேண்டும். நடுவில் அந்தச் சொல் இருந்தால் போதாது, வாலில் இருக்க வேண்டும். கட்டணத்துக்குச் செய்து தரும் ஆலோசகர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நேரமில்லாதவர் பக்கத்து இ-சேவை மையத்திலோ தெரிந்த ஆடிட்டரிடமோ கொடுக்கலாம். முகம் தெரிந்த இடத்தில் கொடுங்கள்.

வங்கி, கூரியர், கேஸ் கம்பெனி ஆகியவற்றின் கஸ்டமர் கேர் எண்ணையும் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். போலி எண்களை விதைத்து வைத்திருக்கிறார்கள். பாஸ்புக்கிலோ பில்லிலோ அச்சடித்த எண்ணே போதும். ஏமாந்துவிட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைப் போன இடத்திலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

ஒரே கேள்விக்கு மூன்று பதில், மூன்றும் அந்தந்தக் காலத்தில் சரி

நுண் தொழில் என்று எதைச் சொல்கிறார்கள்? தேடினால் மூன்று விடை வரும். 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, உற்பத்தித் தொழிலில் இயந்திர முதலீடு 25 லட்சம் ரூபாய் வரை. 2020 ஜூலையிலிருந்து முதலீடு ஒரு கோடி வரை, விற்றுமுதல் ஐந்து கோடி வரை. 2025 ஏப்ரல் 1 முதல் முதலீடு இரண்டரைக் கோடி வரை, விற்றுமுதல் பத்துக் கோடி வரை. பழைய பக்கங்களை யாரும் அழிப்பதில்லை. 2019-ல் எழுதிய கட்டுரை இன்றும் முதல் பக்கத்தில் வந்து நிற்கக் கூடும்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்திலும் இதே சிக்கல். உற்பத்தித் தொழிலுக்கான திட்ட மதிப்பு வரம்பு முன்பு 25 லட்சமாக இருந்தது. 2022-ல் 50 லட்சமாக உயர்ந்தது. பழைய பக்கத்தைப் படித்துவிட்டு, 30 லட்சத் திட்டம் வைத்திருப்பவர் நமக்குக் கிடைக்காது என்று விட்டுவிடுவார். மானியம், வரம்பு, கட்டணம் என்று எது தேடினாலும் ‘டூல்ஸ்’ என்பதைத் தட்டி, கடந்த ஓராண்டுக்குள் வந்தவற்றை மட்டும் கேளுங்கள். பிறகு அந்தத் துறையின் சொந்தப் பக்கத்திலோ அறிவிக்கையிலோ சரிபாருங்கள்.

இப்போது தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்க விடை வருகிறது. படிக்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவும் இதே பழைய பக்கங்களைப் புதியவற்றோடு சேர்த்துப் படித்துத்தான் எழுதுகிறது. 2020 வரம்பையும் 2025 வரம்பையும் ஒரே பத்தியில் கலக்க வாய்ப்புண்டு. அது காட்டும் மூலப் பக்கத்தைத் திறந்து, எண்ணையும் தேதியையும் உங்கள் கண்ணால் பாருங்கள். திறக்காமல் எந்த எண்ணையும் நோட்டில் ஏற்றாதீர்கள்.

பதினைந்து எழுத்தில் ஒரு வியாபாரியின் ஜாதகம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்பவர் இந்தப் பகுதியைப் படித்தால் போதும்.

பொடி அரைக்கும் பல்வரைசர் மெஷின் ஒன்று குஜராத்திலிருந்து மலிவாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் படம், விலை, வங்கிக் கணக்கு எண் எல்லாம் வந்துவிட்டன. பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுப்பதற்கு முன் ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதினைந்து எழுத்துகளும் எண்களும் கலந்தது. முதல் இரண்டு எண் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32, கர்நாடகாவுக்கு 29, மகாராஷ்டிராவுக்கு 27, குஜராத்துக்கு 24. ராஜ்கோட்டில் தொழிற்சாலை இருக்கிறது என்கிறவரின் எண் வேறு மாநிலத்தில் தொடங்கினால் காரணம் கேளுங்கள். அடுத்த பத்தும் அவருடைய பான் எண். அந்தப் பானின் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்து, ஆளைக் காட்டிக்கொடுக்கும். ‘பி’ என்றால் தனி நபர், ‘எஃப்’ என்றால் கூட்டு நிறுவனம், ‘சி’ என்றால் கம்பெனி. விசிட்டிங் கார்டில் பிரைவேட் லிமிடெட் என்று போட்டுவிட்டு ஆறாவது எழுத்து ‘பி’ என்று இருந்தால், கார்டு பொய் சொல்கிறது.

இனி அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் ‘சர்ச் டாக்ஸ்பேயர்’ பகுதியில் போடுங்கள். லாகின் வேண்டாம், படத்தில் தெரியும் எழுத்தை அடித்தால் போதும். சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் உள்ளதா ரத்தானதா என்ற நிலை எல்லாம் வரும். ‘இருபது வருஷ அனுபவம்’ என்பவரின் பதிவு மூன்று மாதம் முன்புதான் நடந்திருக்கிறது என்றால், இடையில் என்ன நடந்தது என்று கேட்கலாம். அங்கேயே ரிட்டர்ன் தாக்கல் செய்த பட்டியலும் உண்டு. மாதாமாதம் தாக்கல் செய்து வந்தவர் திடீரென்று பல மாதமாக நிறுத்தியிருந்தால் வியாபாரம் படுத்திருக்கலாம். அப்படிப்பட்டவரிடம் அட்வான்ஸ் கொடுப்பது ஆபத்து. இன்னொன்று: ‘காம்பொசிஷன்’ வகை என்று காட்டினால், அவர் பில்லில் தனியாக ஜிஎஸ்டி போட்டு வசூலிக்கக் கூடாது. வசூலித்தால் கேள்வி கேளுங்கள்.

கம்பெனி என்று தெரிந்தால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பெயரைத் தேடலாம். தொடங்கிய தேதி, பதிவு முகவரி, நடப்பு நிலை கிடைக்கும். உணவுப் பொருள் விற்பவர் என்றால் பாக்கெட்டில் உள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணைப் பாருங்கள். 1 என்று தொடங்கினால் லைசென்ஸ், 2 என்று தொடங்கினால் சிறு வியாபாரிக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம். இங்கே தமிழ்நாட்டுக்கு 24. ஜிஎஸ்டியில் 24 குஜராத் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த எண்ணையும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் போட்டுச் சரிபார்க்க முடியும்.

மெஷின் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே படம் ஐந்து கம்பெனியின் பக்கத்திலும் இருந்தால், அட்வான்ஸ் கேட்பவரிடம் அந்த மெஷின் கைவசம் இல்லாமலே இருக்கலாம். ‘மெஷின் ஓடும்போது வீடியோ காலில் காட்டுங்கள், தட்டில் பொறித்திருக்கும் சீரியல் நம்பரைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். உண்மையான விற்பனையாளருக்கு இது ஒரு வேலையே இல்லை. கடைசியாக, பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஜிஎஸ்டி பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறு பெயர் என்றால் அனுப்ப வேண்டாம். ‘தம்பி கணக்கு, மச்சான் கணக்கு’ என்ற விளக்கமெல்லாம் உள்ளூரில் பல காலம் பழகியவருக்குச் சரி.

விலை: ஒரு நாள் விலையை நம்பாதீர்கள்

விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பேப்பரில் பார்த்துப் பழகியவர்கள் நாம். அதன் விரிந்த வடிவம் அக்மார்க்நெட் தளம். சந்தை, பொருள், தேதி கொடுத்தால் வரத்து எவ்வளவு, குறைந்த விலை, கூடிய விலை, ‘மோடல்’ விலை என்று குவிண்டால் கணக்கில் தரும். மோடல் விலை என்பது அன்று அதிகச் சரக்கு கைமாறிய விலை. கணக்குக்கு அதை எடுங்கள், கூடிய விலையை அல்ல. நம் மனசு எப்போதும் கூடிய விலையிலேயே போய் நிற்கும்.

மூன்று வருஷ விலையை மாதவாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அறுவடை உச்சத்துக்கும் புரட்டாசி, ஐப்பசிக்கும் இடையே என்ன வித்தியாசம் என்று தெரியும். அந்த வித்தியாசத்தில் குளிர்பதனக் கிடங்கு வாடகையும் கடன் வட்டியும் போக மிஞ்சுமா என்பதுதான் பொடித் தொழிலின் முதல் கணக்கு. கூடவே ஆந்திராவின் குண்டூர் யார்டு விலையையும் பாருங்கள். நாட்டின் மிகப் பெரிய மிளகாய்ச் சந்தை அது. அங்கே சரக்கு குவிந்தால் இங்கேயும் விலை அசையும். ஆனால் ரகம் பார்த்து ஒப்பிடுங்கள். குண்டூரின் தேஜா, கர்நாடகாவின் பியாடகி, ராமநாதபுரத்தின் முண்டு, நம் சம்பா எல்லாம் நிறத்திலும் காரத்திலும் வேறு வேறு. மின்னணு தேசிய வேளாண் சந்தை 2016 ஏப்ரல் 14 முதல் நடக்கிறது. அதன் தளத்திலும் இணைந்த சந்தைகளின் அன்றாட விலை கிடைக்கும். எந்தத் தளமானாலும் சில நாள் விவரம் ஏறாமல் விட்டுப்போகும். ஓரிரு நாளை வைத்து முடிவெடுக்காமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.

வாங்குகிறவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்

கூகுள் டிரெண்ட்ஸ் இலவசம். ஒரே நேரத்தில் ஐந்து சொற்களை ஒப்பிடலாம். தமிழ்நாடு, கர்நாடகா என்று மாநிலவாரியாகப் பார்க்கலாம். அது காட்டும் 0 முதல் 100 வரையான எண் ஆட்களின் எண்ணிக்கை அல்ல. தேர்ந்தெடுத்த காலத்தில் தேடல் மிக அதிகமாக இருந்த சமயத்தை 100 என்று வைத்து, மற்றதை அதோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. எந்த மாதத்தில் தேவை ஏறுகிறது என்று அறிய உதவும். சிறு ஊர் அளவில் அதற்குத் தகவல் போதாது. குளத்தூரில் எத்தனை பேர் தேடினார்கள் என்று அதனிடம் கேட்க முடியாது.

எனக்கு இதைவிட உயர்ந்ததாகப் படுவது, போட்டியாளர்களின் பொருளுக்கு வாடிக்கையாளர் எழுதும் விமர்சனங்கள். கடலைமிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். அமேசானிலும் கூகுள் மேப்பிலும் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு, இரண்டு, மூன்று நட்சத்திரம் தந்தவர்களை மட்டும் படியுங்கள். எண்ணெய்ச் சிக்கு வாடை, வரும்போதே உடைந்திருந்தது, பாகு பிசுபிசுத்துக் கவரோடு ஒட்டியது, பல்லில் கல் மாதிரி கடினம் என்று எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு புகாருக்கும் எதிரே ஒரு கோடு போட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள். ஐம்பது விமர்சனம் முடியும்போது, பாக்கெட்டின் தடிமனிலா, கடலையின் வறுப்பிலா, பாகின் பதத்திலா, எதில் பணம் போட வேண்டும் என்று தெரிந்துவிடும். பெரிய கம்பெனிகள் இதற்குத்தான் ஆள் வைத்து சர்வே எடுக்கின்றன.

பெயர் வைக்கும் முன்

லேபிள் அச்சடித்த பிறகு நோட்டீஸ் வந்தால் அத்தனை கவரும் வீண். இந்திய அறிவுசார் சொத்து அலுவலகத் தளத்தில் வணிகக் குறிகளைப் பொதுமக்கள் தேடலாம். பொருள் வகுப்பு எண் தேவை. மசாலாப் பொடியும் மிட்டாயும் 30-ம் வகுப்பு. தீப்பெட்டி 34-ம் வகுப்பு. அதே எழுத்தில் ஒரு முறையும், ‘ஃபொனடிக்’ முறையில் ஒரு முறையும் தேடுங்கள். எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றாக இருந்தால் சிக்கல்தான்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. 2014-ல் விண்ணப்பித்து, ஆறு வருஷம் கழித்து வந்தது. சென்னை கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீடு பதிவகம்தான் இந்தியா முழுமைக்கும். அதன் தளத்தில் இந்த விண்ணப்பம் யாரும் படிக்கும்படி கிடக்கிறது. எந்த எல்லைக்குள் செய்தது, எந்த மண்ணின் கடலை, எந்த வெல்லம், எப்படிச் செய்வது என்று விண்ணப்பித்த சங்கத்தாரே எழுதிக் கொடுத்த விவரம் அதில் உண்டு. இரண்டு காரணத்துக்காக அதைப் படிக்கச் சொல்கிறேன். ஒன்று, எல்லைக்கு வெளியே செய்த மிட்டாய்க்கு அந்தப் பெயரைப் போட்டால் சட்டச் சிக்கல். எல்லைக்குள் செய்பவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்வது நல்லது. மற்றொன்று, நம் ஊர்ப் பொருளின் தரத்தை வார்த்தையில் எப்படி விவரிப்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. வேம்பார்க் கருப்பட்டி விற்கிறவர் அதைப் படித்துவிட்டுத் தன் பொருள் விவரத்தை எழுதினால் வித்தியாசம் தெரியும்.

கப்பலேற்ற நினைப்பவருக்கு

ஏற்றுமதித் தேடலுக்குத் திறவுகோல், சரக்கை வகைப்படுத்தும் எண்ணான எச்எஸ் குறியீடு. காய்ந்த முழு வத்தல் 0904 21, பொடி 0904 22, அவுரி இலை வருவது 1211 என்ற மருந்துச் செடித் தலைப்பின் கீழ், தீப்பெட்டி 3605. இந்த எண்ணோடு வர்த்தக அமைச்சகத்தின் புள்ளிவிவரத் தளத்துக்குப் போனால், எந்த நாடு எவ்வளவு வாங்கியது என்று ஆண்டுவாரியாக வரும். மதிப்பை அளவால் வகுத்தால் கிலோ என்ன விலைக்குப் போனது என்ற குத்துமதிப்பு கிடைக்கும். ‘கிலோவுக்கு இரட்டிப்பு விலை தருகிறேன்’ என்று முன்பின் தெரியாத வெளிநாட்டு வாங்குபவர் மின்னஞ்சல் அனுப்பினால், இந்தக் குத்துமதிப்போடு வைத்துப் பாருங்கள்.

அடுத்து, எது திரும்பி வந்தது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் ‘ராஸ்ஃப்’ என்ற உணவு எச்சரிக்கைப் பதிவேட்டைப் பொதுவில் வைத்திருக்கிறது. இந்தியா, மிளகாய் என்று கொடுத்தால், எந்தக் காரணத்தால் சரக்கைத் தடுத்தார்கள் என்று வரும். அஃப்ளடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சும் பூச்சிமருந்து எச்சமும் அங்கே திரும்பத் திரும்ப வரும் காரணங்கள். அவர்களுடைய வரம்பு மிளகாயில் மொத்த அஃப்ளடாக்ஸின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், அதில் பி1 என்ற வகை 5 மைக்ரோகிராம். மிளகாய்ப் பழத்தை வெறும் தரையில் காயப்போட்டு, பனியிலும் எதிர்பாராத மழையிலும் நனையவிட்டு, ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் பூஞ்சை வரும். களத்தில் தார்ப்பாய் விரிப்பதா, சூரியக் கூடாரம் போடுவதா என்ற முடிவுக்கு அந்த வெளிநாட்டுப் பதிவேடு நேராக உதவுகிறது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமும் தடுத்த சரக்குகளின் பட்டியலை இப்படியே வெளியிடுகிறது.

விதி எப்போது மாறும் என்று தினமும் தேடிக்கொண்டிருக்க முடியாது. கூகுள் அலர்ட்ஸில் உங்கள் பொருளின் பெயரைப் பதிந்துவிட்டால் புதுச் செய்தி மின்னஞ்சலில் வரும். 2023 ஜூன் 29-ல், 20 ரூபாய்க்கும் குறைந்த மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை வெளிநாட்டு வர்த்தக இயக்ககம் தடை செய்தது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலுக்கு மூச்சு விட இடம் கொடுத்த அறிவிக்கை அது. அதை அன்றே படித்தவருக்கும், ஒரு மாதம் கழித்துக் கேள்விப்பட்டவருக்கும் ஆர்டர் எடுப்பதில் வித்தியாசம் இருந்திருக்கும்.

தேடிய பக்கத்தை பிடிஎஃப்பாகச் சேமித்து, தேதியைப் பெயரில் போட்டு வையுங்கள். வங்கி மேலாளரிடமும் தூத்துக்குடி மாவட்டத் தொழில் மையத்திலும் பேசும்போது அந்தத் தாள் பேசும். பயிர், ரகம் பற்றிய சந்தேகத்துக்குக் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, நேரில் போய்விடலாம். மெஷின் விற்பவரிடம் எல்லாப் பதிவேடும் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகும், போனில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: ‘உங்களிடம் இதே மெஷின் வாங்கி ஒரு வருஷம் ஓட்டியவர் தென்மாவட்டத்தில் யார்? நம்பர் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.’ கொடுத்தால் அவருடைய மில்லுக்கே போய், மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பல் எத்தனை நாளில் தேய்கிறது, மோட்டார் எப்போது சூடாகிறது, பழுதானால் ஆள் வர எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அட்வான்ஸை நிறுத்திவையுங்கள்.